விலை கொடுத்து வாங்கிய நிலம்

கீழத்தஞ்சையின் நிலப் போராட்டங்களைப் பேசும்போது கிருஷ்ணம்மாள் – ஜெகந்நாதன் என்ற காந்தியத் தம்பதியரின் பெயர் வந்தால் இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. ஒன்று கைகூப்பி வணங்குகிறது. மற்றொன்று, மிராசுதாரர்களுக்குப் பணம் வாங்கிக் கொடுத்து மரியாதையாக வெளியேற வழி செய்தவர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்குகிறது. இரண்டு தரப்புமே அவர்கள் செய்த வேலையைக் கணக்குப் பார்க்கவில்லை. சாதியும் நிலமும் ஒன்றாகப் பின்னிக் கிடந்த மண்ணில், வன்முறையில்லாமல், உள்ளூர் மக்களைக் கூட்டியே நிலத்தைக் கைமாற்றிய முயற்சி அது. அதற்கு உரிய மரியாதை, அதை உரசிப் பார்ப்பதுதான்.

எங்கிருந்து தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், எல்லோரும் தலித்துகள். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடியை இறக்கிவிட்டு மிராசுதாரர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்குப் பணிய மறுத்ததும் அந்தச் சேரி செய்த குற்றம். கீழ்க்கோர்ட்டு தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதாரர்களை விடுதலை செய்தது. காரும் ஏராளமான நிலமும் உள்ள செல்வந்தர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பு காட்டிய காரணங்களில் ஒன்று. 1980இல் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். நீதிமன்றம் கைவிட்ட பிறகு பழிவாங்கல் வந்தது. ஆனால் இரண்டாலும் ஒரு குழி நிலம்கூட கைமாறவில்லை.

அதற்கடுத்த ஆண்டு, 1981இல், இந்தத் தம்பதியர் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உழுபவர் நிலவுரிமை இயக்கம். வெண்மணிக்குப் பிறகே அவர்கள் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கிவிட்டார்கள். கிருஷ்ணம்மாள் மதுரைப் பக்கத்துத் தலித் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெகந்நாதன் வசதியான வீட்டுப் பிள்ளை, படிப்பை விட்டுவிட்டு காந்தியிடம் போனவர். லாஃப்டியின் வழிமுறை எளிமையானது. நிலத்தை விற்க மனமுள்ள மிராசுதாரரையும் நிலமற்ற கூலிக் குடும்பங்களையும் ஒன்றாக உட்கார வைத்து விலை பேசுவது. வங்கிக் கடனுக்கும் அரசுத் திட்டத்துக்கும் அலைந்து பணம் புரட்டுவது. குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் என்று பிரித்து, அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில் பத்திரம் பதிவது. விளைச்சலிலிருந்து கடனை அடைப்பது. இப்படிக் கைமாறியது சுமார் 13,000 ஏக்கர். பயன்பெற்ற குடும்பங்களும் ஏறத்தாழ அவ்வளவே.

இதன்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டை அதன் முழு பலத்தோடு சொல்லிப் பார்ப்போம். தலைமுறை தலைமுறையாக அந்த வயலை உழுதவர்கள், நட்டவர்கள், அறுத்தவர்கள் பண்ணையாட்கள். சாணிப்பாலும் சாட்டையடியும் வாங்கிக்கொண்டு விளைவித்தவர்கள். அவர்களின் உழைப்பில் கொழுத்த நிலத்தை அவர்களிடமே விலைக்கு விற்பது எந்த ஊர் நியாயம்? கடனைச் சுமப்பது கூலிக்காரர். ரொக்கத்தை வாங்கிக்கொண்டு சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போவது மிராசுதாரர். உச்சவரம்புச் சட்டத்தால் பறிக்க வேண்டியதைப் பணம் கொடுத்து வாங்கினால், அந்தச் சொத்துரிமையை நாமே ஒப்புக்கொண்டதாகாதா?

இதற்கு நேர்மையான பதில், ஆம் என்பதுதான். விலை கொடுப்பது உரிமையை ஒப்புக்கொள்வதுதான். வெண்மணிக்கான நீதி என்று இதை யாராவது சொன்னால் நான் மறுப்பேன். கொன்றவர்கள் தண்டிக்கப்படவில்லை; அந்த வர்க்கத்திடமிருந்து எதுவும் ஈடாகப் பெறப்படவில்லை. ஆனால் ஒரு செயலைத் தராசில் வைக்கும்போது மறுதட்டில் வைக்க வேண்டியது, அந்த நாளில் அந்த மண்ணில் கண்ணுக்குத் தெரிந்த மற்ற வழிகளைத்தான்.

சட்டத்தைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. காகிதத்தில் கடுமையான சட்டம்தான். ஆனால் கோயிலுக்கும் மடத்துக்கும் பொது அறக்கட்டளைக்கும் விலக்கு இருந்தது. கீழத்தஞ்சையில் ஏராளமான நிலம் அந்தப் பெயர்களில் இருந்தது. அப்படி இல்லாத நிலங்களும் அந்தப் பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டன. மீதி பினாமிகளிடம் போயிற்று. வலிவலத்தில் இப்படி அறக்கட்டளைப் போர்வைக்குள் இருந்த நிலத்துக்காக இந்தத் தம்பதியர் எழுபதுகளில் சத்தியாகிரகம் இருந்தார்கள். மிராசுதாரரிடம் போய்க் கையேந்தியவர்கள் என்ற சித்திரத்தில் இந்தப் போராட்டம் காணாமல் போய்விடுகிறது. சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி உட்கார்ந்து, அது எவ்வளவு மெதுவாக நகரும் என்று பார்த்த பிறகே அவர்கள் விலை பேசும் வழிக்கு வந்தார்கள்.

தானத்தையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். 1951இல் போச்சம்பள்ளியில் வினோபா தொடங்கிய பூதான இயக்கத்தில் இருவரும் ஊர் ஊராக நடந்தவர்கள். ஐந்து கோடி ஏக்கர் இலக்கு. கிடைத்தது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கிடைத்ததிலும் பாறையும் தரிசும் வில்லங்கமும் நிறைய. மனம் மாறித் தானம் தருபவர் எந்த நிலத்தைத் தருவார் என்ற கேள்விக்கு இந்த நாடே பதில் சொல்லிவிட்டது. லாஃப்டியைப் பூதானத்தின் நீட்சி என்று எழுதுபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள். விலைக்கு வாங்கும்போது எந்த வயல் வேண்டும் என்று வாங்குபவர் சொல்ல முடியும். வாய்க்கால் பாயும் நன்செய்யைக் கேட்க முடியும். விற்பவரின் பெருந்தன்மைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. காந்தியர்கள் இருவர் தங்கள் இயக்கத்தின் மிகப் பெரிய முயற்சி தோற்றதை ஒப்புக்கொண்டு வழியை மாற்றிக்கொண்டார்கள். அதற்குத் தனி நேர்மை வேண்டும்.

மூன்றாவது வழி, செங்கொடி. அதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். லாஃப்டியைப் புகழ்பவர்கள் அதிகம் பேசாததும் அதைத்தான். நாற்பதுகளில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்து விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாக்கினார். சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிந்தது அந்தச் சங்கத்தால். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், வெண்மணிக்குப் பிறகு கணபதியா பிள்ளை ஆணையம் உட்கார்ந்து 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்ததும், 1971இல் குடியிருந்த மனை குடியிருந்தவருக்கே சொந்தம் என்று சட்டமானதும் அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தால். மனை மிராசுதாரருடையதாக இருந்தவரை, கூலி கேட்டால் குடிசையைப் பிரிக்கலாம். மனை சொந்தமான பிறகு அந்த மிரட்டல் செல்லாது. இந்த ஒன்றின் பெறுமதியை வெளியூர்க்காரர்கள் எளிதில் உணர்வதில்லை.

கூலி உயர்ந்தது, குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியவில்லை, சேரி தலை நிமிர்ந்தது. அதன் பிறகு நிலம் வைத்திருப்பது பழைய மாதிரி சுகமாக இல்லை. பிள்ளைகள் படித்து நகரத்துக்குப் போய்விட்டார்கள். களத்து மேட்டில் நின்று அதட்ட ஆளில்லை. அதட்டினால் கேட்கவும் ஆளில்லை. எண்பதுகளில் மிராசுதாரர்கள் விலை பேச உட்கார்ந்ததன் காரணம் இதுதான் என்று நான் கருதுகிறேன். கிருஷ்ணம்மாளின் கனிந்த பேச்சுக்கும் பிரார்த்தனைக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுச் சங்கப் போராட்டம் நிலத்தின் அதிகாரத்தைக் கழற்றி, அதை வெறும் சொத்தாக ஆக்கியிருக்காவிட்டால், அந்தச் சொத்து விலைக்கு வந்திருக்காது. தாங்கள் கையில் எடுக்காத ஒரு போராட்டத்தின் பலத்தில்தான் அந்த அமைதி நின்றது. அகிம்சை தனித்து வென்றது என்று இந்தக் கதையைச் சொல்வது வெண்மணியில் எரிந்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

இதைச் சொன்ன அதே மூச்சில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சங்கம் கூலியை உயர்த்தியது, மனையைக் காத்தது. ஆனால் வயலைக் கூலிக்காரர் பெயருக்குக் கொண்டுவரும் வேலை பெரும்பாலும் முடியாமலே நின்றது. அந்த இடைவெளியில் லாஃப்டி புகுந்தது. பெண்ணின் பெயரில்தான் பத்திரம் என்று பிடிவாதமாக நின்றதும் லாஃப்டிதான்.

அந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்கலாம். கிரயப் பத்திரத்தின் முடிவில் சொத்து விவரம் என்று ஒரு பகுதி உண்டு. வட்டம், கிராமம், சர்வே எண், பரப்பு. அதன்பின் நான்கெல்லை: இன்னார் நிலத்துக்கு வடக்கு, இன்னார் நிலத்துக்குத் தெற்கு, பாசன வாய்க்காலுக்குக் கிழக்கு, களத்துக்கு மேற்கு. நூற்றாண்டுகளாக அந்த ‘இன்னார்’ இடத்தில் மேல்சாதி ஆண்களின் பெயரோ, கோயிலின் பெயரோ, மடத்தின் பெயரோதான் இருந்தது. சேரிப் பெண்ணின் பெயருக்கு ஒரு ஏக்கர் பதிவானால், அவள் பெயர் அவளுடைய பத்திரத்தில் மட்டும் நிற்பதில்லை. பக்கத்து நிலத்துக்காரர் நாளை விற்கப் போனாலும், மகள் கல்யாணத்துக்கு அடமானம் வைக்கப் போனாலும், அவள் பெயரை எழுதித்தான் தன் எல்லையைச் சொல்ல முடியும். ஊர் அவளைப் பெயர் சொல்லி அழைக்காமல் இருந்திருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த வழக்கம் செல்லாது.

நடவும் களையெடுப்பும் டெல்டாவில் பெண்களின் வேலை. ஆனால் கூலி ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. நிலம் வந்தால் குடும்பத் தலைவர் பெயருக்கு வரும். சாராயக் கடனுக்கும் வட்டிக்கும் அவர் கைநாட்டில் போகும். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் 1989இல்தான் வந்தது. லாஃப்டி அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. இது முற்றிலும் புதிய யோசனை என்று சொல்ல மாட்டேன். பீகாரில் புத்தகயா மடத்தின் நிலத்துக்காக எழுபதுகளின் இறுதியில் எழுந்த போராட்டத்தில் பெண்கள் தங்கள் பெயருக்குப் பட்டா கேட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் பெற்றார்கள். இந்தத் தம்பதியர் அதற்கு முன் பீகாரில் வேலை செய்தவர்கள்; ஜெகந்நாதன் அவசரநிலைக் காலத்தில் சிறைக்கும் போனவர். அந்த மண்ணோடு அவர்களுக்குத் தொடர்பு உண்டு. ஆயினும் காவிரி டெல்டாவில் இதை ஆயிரக்கணக்கான பத்திரங்களாக ஆக்கிக் காட்டியவர்கள் இவர்கள்தான்.

பெயர் அவளுடையது, சாகுபடி புருஷனுடையது; என்ன மாறிவிட்டது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விதை நெல் எது, நெல்லை எப்போது விற்பது என்பதைப் பல வீடுகளில் இன்றும் ஆண்தான் தீர்மானிக்கிறார். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வேண்டுமென்றால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பயிர் காப்பீட்டுக்கும் நில ஆவணம் வேண்டும். நிலத்தை விற்க வேண்டுமென்றால் அவள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். புருஷன் இறந்தால், பங்காளிகள் அவளை வயலிலிருந்து விரட்ட முடியாது. அதிகாரம் முழுதாகக் கைக்கு வராவிட்டாலும், அவளைத் தாண்டி எதையும் செய்ய முடியாது என்ற நிலை வந்துவிட்டது. கூலிக்குப் போகும் பெண்ணுக்கு இது சிறிய மாற்றமில்லை.

ஒரு ஏக்கரில் என்ன கிடைக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. காவிரித் தகராறில் குறுவை பல ஆண்டு பொய்த்தது. நாகை, திருவாரூர்ப் பகுதி கடைமடை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துசேர்வதற்குள் நாற்று காய்ந்துவிடும் ஆண்டுகள் உண்டு. வடகிழக்குப் பருவமழை கொட்டினால் சம்பா மூழ்கும். ஒரு ஏக்கரை நம்பி ஒரு குடும்பம் விவசாயியாக வாழ முடியாது. அந்தப் பெண் இன்றும் கூலிக்குப் போகிறாள், அரசின் ஊரக வேலைக்கும் போகிறாள். ஆனால் நல்ல சம்பா ஒன்று, வீட்டுக்கு ஆண்டு முழுக்கச் சோற்றுக்கு நெல் தரும். பத்தாயத்தில் நெல் இருக்கிற வீட்டுக்காரி கூலி பேசுவதற்கும், இன்று போனால்தான் இன்று உலை என்றிருப்பவள் பேசுவதற்கும் வித்தியாசம் பெரிது. வெண்மணியில் கேட்கப்பட்டது அரைப்படி என்பதை மறந்துவிட்டு இந்த ஒரு ஏக்கரைச் சிறிதென்று தள்ள முடியாது.

மொத்தக் கணக்கில் சிறிதுதான். பழைய தஞ்சை மாவட்டத்தின் சாகுபடிப் பரப்பு பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். அதில் 13,000 என்பது நூற்றில் ஒரு பங்கைச் சுற்றி நிற்கும். இந்தப் பகுதியின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தலித். விலைக்கு வாங்கி இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இந்த வழிமுறையின் எலும்பு முறிந்த இடம் தொண்ணூறுகளின் தொடக்கம். கடலோர வயல்களைத் தேடி இறால் பண்ணைக் கம்பெனிகள் வந்தன. விலை பேசி வாங்குவது ஒரு சூழலில்தான் ஏழைக்குக் கைகொடுக்கும்: விற்பவருக்கு வேறு ஆள் இல்லாதபோது. கையில் ரொக்கத்தோடு கம்பெனி வந்து நின்றால், வங்கிக் கடனுக்கு அலையும் கூலிக்காரியோடு மிராசுதாரர் எதற்கு உட்கார வேண்டும்? குளம் வெட்டிக் கடல் நீரை ஏற்றினார்கள். நிலத்தடி நீர் உப்பானது, பக்கத்து வயல்கள் கெட்டன, வயல் வேலை போயிற்று. இங்கே பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை. ஜெகந்நாதன் எண்பது வயதில் உண்ணாவிரதம் இருந்தார், ஊர்வலம் போனார். கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

எஸ். ஜெகந்நாதன் எதிர் இந்திய அரசு வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும், கெடுத்தவரே ஈடு தர வேண்டும், வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு ஆறு ஆண்டுக் கூலியைக் கூடுதல் இழப்பீடாகத் தர வேண்டும் என்றது. பெரிய வெற்றி. ஆனால் 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, பழைய தேதியிலிருந்தே செல்லும்படி அந்தத் தடையைத் தளர்த்திவிட்டது. மிராசுதாரரிடம் பேசி வெல்ல முடிந்தவர்களால் மூலதனத்திடம் பேசி வெல்ல முடியவில்லை. நீதிமன்றத்தில் வென்றதையும் நாடாளுமன்றத்தில் காக்க முடியவில்லை. காப்பதற்கு வேண்டிய அரசியல் அமைப்பு அவர்களிடம் இல்லை. கட்சிகளை விட்டு விலகி நின்றதால் கிடைத்த நல்ல பெயருக்கு அவர்கள் கொடுத்த விலை இது.

விருதுகள் குறையில்லாமல் வந்தன. கிருஷ்ணம்மாளுக்கு 1989இல் பத்மஸ்ரீ, இருவருக்கும் 2008இல் சரியான வாழ்வாதாரத்துக்கான சுவீடன் விருது, கிருஷ்ணம்மாளுக்கு 2020இல் பத்மபூஷண். இவற்றால் விளைந்த தீங்கு ஒன்றும் உண்டு. ஆளைத் தெய்வமாக்கியதும் வேலையை ஆராய்வது நின்றுவிட்டது. வாங்கிய ஏக்கரை எண்ணுகிறார்கள். கடன் எத்தனை போகத்தில் அடைந்தது, மகளுக்குப் போயிற்றா மகனுக்கா, அடமானத்தில் இருக்கிறதா என்று எண்ண யாரும் முன்வருவதில்லை. 1892இல் தொடங்கி இந்த மாகாணத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை எழுத்திலேயே இருந்தும், அவற்றில் எவ்வளவோ கைமாறிப் போயிற்று. கொடுத்த நாளின் கணக்கை வைத்து ஒரு நில இயக்கத்தை எடைபோட முடியாது.

ஆக, என் முடிவு இது. நீதி என்ற அளவுகோலில் லாஃப்டி பாதி வழிதான் வந்தது. விலை கொடுத்ததால் அதற்கு மேல் வர முடியாது. நிலப் பகிர்வு என்ற அளவுகோலில் அது சிறியது. உச்சவரம்புச் சட்டத்துக்கோ கோயில், மட நிலங்களின் சாகுபடியாளர் உரிமைக்கோ மாற்றாக நிற்காது. அமைதியான நிலமாற்றம் என்று அது பெற்ற பெயரில் ஒரு பங்கு செங்கொடிச் சங்கத்துக்குச் சேர வேண்டும். ஆனால் கூலிக்காரப் பெண்ணை நில உரிமையாளராகப் பதிவேட்டில் ஏற்றியதில் சட்டத்தையும் சங்கத்தையும் அது முந்தியது. இந்த ஒன்றுக்காகவே மற்ற குறைகளைப் பொறுத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் அந்த இடத்தில் செய்ய வேண்டிய காரியத்தையே அவர்கள் செய்தார்கள் என்று சொல்வேன்.

இன்று அரசே அந்த வழியில் கால் வைத்திருக்கிறது. அரசு நிறுவனமான தாட்கோ மூலம் நடக்கும் ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’ நிலமற்ற ஆதிதிராவிடப் பெண் கூலித் தொழிலாளிக்கு நிலம் வாங்க 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. முத்திரைத் தீர்வையிலும் விலக்கு உண்டு. பெண்ணின் பெயர் என்ற லாஃப்டியின் சாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. விட்டுவிட்டது அதன் கூட்டு பலத்தை. லாஃப்டியில் ஒரு சேரியே சேர்ந்து ஒரு பண்ணையை விலை பேசியது. வாய்க்கால் தண்ணீருக்கும் வரப்புக்கும் சேர்ந்தே நின்றது. இந்தத் திட்டத்தில் ஒரு பெண் தனியாக விற்பவரைத் தேட வேண்டும், தனியாக விலை பேச வேண்டும், மீதிப் பணத்தைத் தனியாகப் புரட்ட வேண்டும். சாதி பார்த்து நிலம் விற்கும் ஊரில் அவளுக்கு எந்த மூலை நிலம் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மானியத்தை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுக்காமல், ஒரு குடியிருப்பின் பெண்கள் இருபது முப்பது பேர் சேர்ந்து ஒரே தொகுப்பாக, பாசன உரிமை எழுதப்பட்ட நிலத்தை வாங்க வழி செய்தால்தான் அந்தத் திட்டம் லாஃப்டி இயங்கிய கூத்தூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் நடந்ததன் வாரிசாக ஆகும்.